புகையிலை கொடுத்த பிறகு

ஜன்னல் பலகையை யாரோ தட்டினார்கள். முற்றத்து நாய்கள் ஒன்றுகூடக் குரைக்கவில்லை.

இஸ்பிஸ்டர் அடுப்பருகிலிருந்து தலையைத் தூக்கினான். கடலும் ஆறும் உறைந்து கிடக்கும் அந்த வடகோடியில், வேட்டைக்காரர்களிடம் தோல் வாங்கும் அந்த மரவீட்டில், அவனும் மனைவி நிஸ்காவும் மட்டும்தான். வேட்டைப் பொறிகளைப் பார்த்து வரப் போன அவள் தம்பி மஸ்குவா, பனிப்புயல் ஓய்ந்தும் திரும்பவில்லை. அவன் வராமல் ஒரு வாய் கஞ்சிகூடக் குடிக்கமாட்டேன் என்கிறாள் அவள்.

"அவனாத்தான் இருக்கும்," என்று எழுந்தாள்.

"உன் தம்பி ஏன் புள்ள ஜன்னல தட்டுறான்? கஞ்சி வாசத்துக்குக் கதவையில்ல ஒடச்சுக்கிட்டு வருவான்!"

"அவன் குடிக்கிற கஞ்சி மேலயே உனக்குக் கண்ணு. யாருன்னு கேட்டுட்டு அப்புறமா புகையில குடுய்யா."

தோல் கொண்டுவருபவன் அங்கே உள்ளே வருவதில்லை. ஜன்னல் பலகையில் கை நுழையும் அளவுக்கு ஒரு சந்து. அதன் வழியே முதலில் புகையிலை போகும், பிறகு தோல் வரும், கடைசியில் விலை போகும். புகையிலை போய்விட்டால், வந்தவன் கை ஓயும்வரை அவன் நீட்டும் எதையும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

குளிர் உள்ளே புகுகிறதே என்ற அவசரத்தில் இஸ்பிஸ்டர் பெயர் கேட்கவில்லை. புகையிலையை நீட்டிவிட்டான். கையுறை போட்ட கை ஒன்று வாங்கிக்கொண்டது.

எப்போதும் பலகைபோல விறைத்து வரும் தோல் இன்று துவண்டு தொங்கியது. ஈரமாக, வெதுவெதுப்பாக, பச்சை ரத்த வாடையோடு, அடுப்பு வெளிச்சத்தில் மெல்ல ஆவி விட்டுக்கொண்டு, அவன் முழங்கைவரை வழிந்து இறங்கியது. நரி இல்லை. ஓநாய் இல்லை. ஒரு காது மட்டும் வெள்ளை. அவர்கள் நாய்.

அடுத்தது. அதுவும் அவர்கள் நாய்.

"யாருய்யா வெளிய? போதும்யா..."

கை ஓயவில்லை.

இன்னொன்று வந்தது. முடி இல்லை. வழவழப்பு. நீளம். விரித்தான். மணிக்கட்டு இருந்த இடத்தில் பச்சை குத்திய மூன்று கோடுகள்.

மஸ்குவா.

"அக்கா!" கதவுப் பக்கமிருந்து அவன் குரலேதான். "குளிருதுக்கா. தொறக்கா."

"வந்துட்டான் பாரு!" அவன் கையிலிருந்ததைப் பார்க்காமலே நிஸ்கா சிரித்துக்கொண்டு ஓடினாள்.

இஸ்பிஸ்டர் கத்தினான். அதற்குள் அவள் கை தாழ்ப்பாளில் இருந்தது. சந்தில் அந்தக் கை, விலைக்காக, விரிந்தபடி இருந்தது.

தாழ்ப்பாள் விலகியது.

வாசலில், தலை முதல் கால்வரை தோலின்றிச் சிவப்பாக, ஆவி பறக்க, இமைகூட இல்லாமல் நின்ற அது, அக்காவைக் கட்டிக்கொள்ள இரண்டு கைகளையும் நீட்டியது.