பேட்டரியைக் காலி செய்தது யார்?

என் தம்பி பத்து நாட்களாகத் தன் கைகளின் மேல்தான் உட்கார்ந்திருந்தான்.

உள்ளங்கை இரண்டையும் தொடைக்கு அடியில் கொடுத்து அழுத்திக்கொள்வான். சாப்பிடக் கூப்பிட்டால் ஒரு கையை மட்டும் வெளியே எடுப்பான். சாப்பிட்டு முடித்ததும் அது மறுபடி உள்ளே போய்விடும்.

அவனுக்கு ஆறு வயது. வீட்டில் அவனை 'சைரன்' என்று கூப்பிடுவோம். அவன் தண்ணீர் கேட்டாலே தெருமுனை வரை கேட்கும். "வாய மூடுடா, காது கிழியுது!" என்று நான் ஒரு நாளைக்கு நாலு தடவையாவது கத்துவேன். எனக்குப் பதினொரு வயது. சட்டென்று கோபம் வருவதால் என் பெயர் 'மிளகாய்'. இப்போதோ கத்த வேண்டிய அவசியமே இல்லை. வீடு அமைதியாக இருந்தது. அந்த அமைதி எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை.

நடந்தது இதுதான்.

அப்பாவின் அண்ணன், எங்கள் பெரியப்பா, வெளியூரில் ஆஸ்பத்திரியில் இருந்தார். பெரியம்மாவுக்குத் துணையாக அம்மா அங்கே போயிருந்தாள். ஒரு மாலை அவளிடமிருந்து போன் வந்தது. "உடனே கிளம்பி வாங்க. உங்களப் பாக்கணுங்கறார்."

அப்பா எங்களை எதிர்வீட்டு அத்தையிடம் விட்டுவிட்டுத் தன் பழைய மோட்டார் சைக்கிளில் கிளம்பினார். அதற்கு என்னைவிட வயது அதிகம். பாதி வழியில் முதலில் விளக்கு மங்கியது. பிறகு வண்டியே நின்றுவிட்டது. உதைத்து உதைத்துக் கால் வீங்கியதுதான் மிச்சம். கடைசியில் ஒரு லாரிக்காரர் ஏற்றிக்கொண்டு போனார். அப்பா போய்ச் சேர்ந்தபோது பெரியப்பா இறந்து அரை மணி நேரம் ஆகியிருந்தது.

மூன்றாம் நாள் அப்பா மட்டும் திரும்பி வந்தார். வண்டியை ஒரு சின்ன வேனில் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். வாசலில் தம்பி நின்றிருந்தான்.

"ஹாரன் அடிக்காத, அடிக்காதன்னு எத்தன தடவ சொன்னேன்!" என்றார் அப்பா. "அடிச்சு அடிச்சு பேட்டரியக் காலி பண்ணிட்ட. உன்னாலதான்டா அவர உயிரோட பாக்க முடியாமப் போச்சு."

ஒரே தடவைதான் சொன்னார். அப்புறம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அந்த ஒரு தடவையே தம்பிக்குப் போதுமானதாக இருந்தது.

ஹாரன் அடித்தது உண்மைதான். நிற்கிற வண்டியில் ஏறி, சாவியைத் திருப்பி, உலகத்தைச் சுற்றி வருவது அவனுடைய தினசரி விளையாட்டு.

"அன்னிக்கு எத்தன தடவடா அடிச்ச?" என்று கேட்டேன்.

"பத்தொம்போது," என்றான். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "இருபதாவது பாதிதான் அடிச்சேன். அதுக்குள்ள அப்பா வந்துட்டார்," என்றான்.

"அதுக்கெல்லாம் பேட்டரி தீராதுடா."

"அப்பா சொன்னாரே."

அதற்குமேல் அவனிடம் என்ன பேசுவது? நான் நூறு தடவை சொன்னாலும் அப்பா ஒரு தடவை சொன்னதற்கு ஈடாகாது.

அப்பா பேட்டரியைக் கழற்றி, சார்ஜ் ஏற்றக் கடைக்குக் கொண்டுபோனார். நானும் கூடப் போனேன். மறுநாள் கடைக்காரர், "இதுக்கு ஒரு குறையும் இல்ல சார். நல்லாவே ஏறுது," என்று திருப்பிக் கொடுத்தார்.

அன்றிலிருந்து வண்டிச் சாவி அப்பாவின் சட்டைப் பையை விட்டு இறங்கவில்லை. தம்பி வண்டி நின்ற பக்கமே போகவில்லை. போயே ஆக வேண்டுமென்றால் எதிர்ச்சுவரை உரசிக்கொண்டு போனான். அப்படியும் நாலாம் நாள், அப்பா வேலையிலிருந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவர் ஓர் அச்சகத்தில் புத்தகம் பைண்டு செய்பவர். அங்கிருந்து வீடு வரை தள்ளியதில் சட்டை முழுக்க நனைந்திருந்தது.

"மறுபடியும் காலி," என்றார்.

எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. சாவி அப்பாவிடம் இருக்கிறது. பேட்டரியில் குறை இல்லை. அப்படியென்றால் இந்தத் தடவை ஹாரன் அடித்தது யார், பேயா? கேட்கத்தான் வாயைத் திறந்தேன். அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொண்டேன். அழுவதற்குக்கூடத் தெம்பில்லாத முகமாக இருந்தது.

பேட்டரி மறுபடி கடைக்குப் போனது. அப்பாவோடு அதைத் திரும்ப வாங்கப் போனபோது நான் கடைக்காரரிடம் கேட்டேன். "மாமா, இஞ்சின் ஓடும்போது பேட்டரில எத்தன வோல்ட் காட்டணும்?"

"பதினாலு பக்கம் காட்டணும். சும்மா நிக்கும்போது பன்னெண்டரைக்கு மேல. ஏன் பாப்பா, கடை வைக்கப் போறியா?"

"ஆமா, உங்களுக்கு எதிர்லயே!"

அவர் வாய்விட்டுச் சிரித்தார். அப்பா சிரிக்கவில்லை.

எங்கள் அம்மா மின்விசிறிக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் செம்புக் கம்பியில் காயில் சுற்றுபவள். எங்கள் முன்னறையில் பாதி அவளுடைய பட்டறைதான். வோல்ட் பார்க்கும் மீட்டரின் சிவப்பு முனையை எங்கே வைப்பது, கறுப்பு முனையை எங்கே வைப்பது என்பதெல்லாம் பார்த்துப் பார்த்தே எனக்குப் பழகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை காலை, நான் மீட்டரை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். வானம் மூட்டமாக இருந்தது. அப்பா பேட்டரியை மாட்டி முடித்திருந்தார். சீட் தனியாகக் கீழே கிடந்தது.

"அத உள்ள வை. அம்மா வந்தா திட்டுவா," என்றார்.

"ஒரே ஒரு தடவ பாத்துட்டு வச்சிடறேன்பா."

வேண்டாம் என்று சொல்லக்கூட அவருக்கு மனமில்லை போலும். நகர்ந்து வழிவிட்டார். மீட்டர் பன்னிரண்டு புள்ளி ஆறு காட்டியது.

"இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க."

அப்பா ஓர் உதை விட்டார். வண்டி கிளம்பியது. நான் மீட்டரையே பார்த்துக்கொண்டிருந்தேன். பன்னிரண்டு புள்ளி ஐந்து.

"லைட்டப் போடுங்க. கொஞ்சம் முறுக்குங்கப்பா."

இஞ்சின் உறுமியது. எண்ணோ பன்னிரண்டு புள்ளி மூன்றுக்கு இறங்கியது. பதினாலை நோக்கி ஓர் அடிகூட எடுத்து வைக்கவில்லை.

"அப்பா, தொட்டிக்குத் தண்ணியே வரல!" என்று கத்தினேன். "வண்டி ஓடும்போது பேட்டரி ஏறணும். இது இறங்கிட்டே இருக்கு. தண்ணி வராத தொட்டில குழாயத் திறந்து விட்டா என்ன ஆகும்? அவன் ரெண்டு செம்பு மொண்டிருப்பான், அவ்ளோதான். தொட்டிய அவன் காலி பண்ணலப்பா!"

அப்பா என்னையே பார்த்தார். "அப்போ இஞ்சினுக்குள்ள கரண்ட் எடுக்கற காயில் போயிருக்குமோ?" என்றார்.

"இருங்க, பாக்கறேன்."

பேட்டரியிலிருந்து கிளம்பும் சிவப்பு வயர்களை ஒவ்வொன்றாக விரலால் தடவிக்கொண்டே போனேன். ஒன்று, இஞ்சினிலிருந்து வரும் மின்சாரத்தை பேட்டரிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் சின்ன அலுமினியப் பெட்டியிலிருந்து வந்தது. நடுவழியில், சீட்டுக்கு அடியில், அந்த வயருக்கு யாரோ கட்டுப் போட்டிருந்தார்கள்.

அம்மா செய்வதைப் போல ஓர் ஊசியைக் கட்டுக்கு முன்னால் வயரில் குத்தி, அதில் மீட்டர் முனையை வைத்தேன். பதினைந்தைத் தாண்டியது! கட்டுக்குப் பின்னால் வைத்தேன். பன்னிரண்டு புள்ளி மூன்று. காயில் நன்றாக இருக்கிறது, பெட்டியும் நன்றாக இருக்கிறது. மின்சாரம் இந்தக் கட்டு வரை வருகிறது. இதைத் தாண்டிப் போகவில்லை.

கண்டுபிடித்துவிட்டேன்! அப்படித்தான் கத்தியிருப்பேன். அதற்குள் அந்தக் கட்டை நன்றாகப் பார்த்துவிட்டேன்.

அது கறுப்பு டேப் இல்லை, வெள்ளைப் பருத்தி நாடா. அழுக்கேறிச் சாம்பல் நிறமாகியிருந்தது. அம்மா காயிலைச் சுற்றிக் கட்டுகிற நாடா அது. கட்டிய பிறகு அவள் அதை வார்னிஷில் முக்கிக் காயவைப்பாள். வெறும் நாடாவாக விட்டால் துணி மாதிரி தண்ணீரைக் குடிக்கும். மழை பெய்த மாதங்களிலெல்லாம் இது குடித்திருக்கிறது. அம்மா ஒருநாளும் இப்படிச் செய்ய மாட்டாள். சுற்றியிருந்த விதமோ, ஒரு சுற்றுக்கும் அடுத்த சுற்றுக்கும் இம்மி பிசகாமல், நுனியை உள்ளே செருகி, புத்தக முதுகைப் போல அவ்வளவு அழகாக இருந்தது.

எங்கள் வீட்டில் அப்படிச் சுற்றத் தெரிந்தவர் ஒருவர்தான்.

"என்னம்மா? என்ன தெரியுது?" என்றார் அப்பா. அவர் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றிருந்தார்.

 சட்டென்று அறுத்துப் பாவாடைப் பையில் போட்டுக்கொள்ளலாமா என்று நினைத்தேன். அண்ணனைப் பார்க்க முடியாமல் போனது தன்னால்தான் என்று அப்பாவுக்குத் தெரிய வேண்டாமே!

"ஒரு வயர் கெட்டுப்போயிருக்குப்பா," என்றேன். "எலி கடிச்சிருக்கும்."

அப்பா இஞ்சினை அணைத்துவிட்டுச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"கடிச்சது எலிதான்," என்றார். "எலி நாடா சுத்துமா?"

நான் ஊசியை வயரிலிருந்து உருவினேன்.

"மழைக்கு முன்னாடி நான்தான் கட்டினேன். அவசரம். கறுப்பு டேப் தீந்துபோச்சு. அம்மா பெட்டில இது இருந்துச்சு." அவர் நாடாவை விரலால் தொட்டார். "முதல்ல இத சரி பண்ணு. நெசந்தானான்னு பாத்துடணும்."

நாடாவைப் பிரித்தோம். உள்ளே முறுக்கி விட்டிருந்த செம்புக் கம்பி பச்சைப் பொடியாக உதிர்ந்தது. கெட்ட நுனிகளை வெட்டினோம். அப்பா கம்பிகளைப் பிடித்துக்கொள்ள, நான் அம்மாவின் பட்டறைச் சாமான்களை வைத்து ஈயம் உருக்கி ஒட்டினேன். முதல் ஒட்டு விட்டுப்போனதால் இரண்டு தடவை ஒட்ட வேண்டியிருந்தது.

வண்டியைக் கிளப்பினோம். பன்னிரண்டரை. பதின்மூன்று. பதினாலு புள்ளி ஒன்று.

இத்தனை நாளாக நான் பார்க்க ஆசைப்பட்ட எண் அது. வந்தபோது எனக்குச் சந்தோஷமாகவே இல்லை. அப்பா இஞ்சினை அணைத்துவிட்டுத் தரையில் உட்கார்ந்தார். முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்பா அழுது நான் பார்த்ததில்லை. பேசாமல் மறைத்தே இருக்கலாமோ என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். அப்புறம் கதவிடுக்கில் தெரிந்த சின்னக் கால்களைப் பார்த்தேன்.

"அப்பா," என்றேன். "அவன்கிட்ட நீங்கதான் சொல்லணும். நான் சொன்னா நம்ப மாட்டேங்கறான்."

அப்பா முகத்தைத் துடைத்துக்கொண்டு கூப்பிட்டார். "கண்ணு, இங்க வா."

தம்பி வந்து நாலடி தள்ளி நின்றான்.

"பேட்டரிய நீ காலி பண்ணலடா. இந்த வயர நான்தான் தப்பா கட்டிட்டேன். அதான் வண்டி நின்னுச்சு. உன்னப் போய் அப்படிச் சொல்லிட்டேன். சொல்லியிருக்கவே கூடாது. தப்புடா. அப்பா பண்ணது ரொம்பத் தப்பு."

தம்பி நாடாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். நான் தலையாட்டினேன்.

"அப்போ பெரியப்பாவுக்கு என் மேல கோவம் இல்லையா?"

"இல்லவே இல்ல."

"உங்க மேல?"

"தெரியலடா," என்றார் அப்பா. எனக்கும் தெரியவில்லை.

தம்பி கிட்டே வந்து, அப்பாவின் மடியை ஒட்டி உட்கார்ந்தான். பத்து நாட்களில் அவ்வளவு நீளமாக அவன் பேசியது அன்றுதான்.

"பகல்ல ஒண்ணும் தெரியாதுப்பா. ஸ்கூல்ல மறந்துடும். படுத்தப்புறம்தான் வரும். பெரியப்பா கதவப் பாத்துட்டே படுத்திருக்கற மாதிரி. அப்போ ரொம்பப் பயமா இருக்கும்." அவன் குரலைத் தாழ்த்தினான். "இன்னிக்கு நான் உங்க பக்கத்துல படுத்துக்கறேன். உங்களுக்கு அது வந்துச்சுன்னா என்ன எழுப்புங்க."

அப்பா அவனை இழுத்து அணைத்துக்கொண்டார். "எழுப்பறேன்டா," என்றார். "கண்டிப்பா எழுப்பறேன்."

"ஆனா சுவர் ஓரம் எனக்குத்தான்," என்றான் தம்பி.