திறக்காத மறையூர்

"ஏனுங்க, பேரு இருக்குதுங்க. கூப்பிட்டா இல்லைன்னு சொல்லுதுங்க" என்றாள் நாச்சம்மாள், கையில் காகிதச் சுருளோடு.

1979 ஜூன் மாதம். போலித் தட்டச்சுப் பத்திரங்களை நீதிமன்றங்களுக்காக ஆராய்ந்து ஓய்வு பெற்ற சாம்பசிவன், கல்பாத்தியில் தம் வீட்டு முன்னறையில் அவளை உட்காரச் சொன்னார். அவருடைய உதவியாளர் புஷ்பமேரி அதற்குள் குறிப்பேட்டைத் திறந்திருந்தாள்.

கொல்லங்கோட்டுப் பெண் நாச்சம்மாள், பாலக்காட்டு நீராய்வு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இயக்குபவள். மறையூர் மழைக் கணக்கை ஆறு மாதமாக அதில் ஏற்றியிருந்தாள். கணக்குகள் ஊருக்கு ஒன்றாக டைரக்டரி என்ற அறைகளில் இருக்கும். அறையின் பெயரை ஆங்கில எழுத்தில் பிசகாமல் அடித்தால்தான் திறக்கும். எம்-3 என்றிருந்த அறைக்கு, ஊர்ப்பெயர்தான் வேண்டுமென்று, அதிகாரி வெங்கிடேஸ்வரன் நேற்றுத் தாமே 'மறையூர்' (MARAYUR) என்று பெயர் மாற்றினார். இன்று காலை முதல் அது திறக்கவில்லை.

"நாந்தான் அழிச்சுப்போட்டேன்னு மெமோ குடுத்துட்டாருங்க. மூணு மணிக்குத் திருவனந்தபுரத்து இஞ்சினியருங்க வர்றாங்க. அதுக்குள்ள கிடைக்கலீன்னா வேலை போயிருமுங்க."

"அந்த அதிகாரிதான் களவாண்டிருப்பாரு" என்றாள் புஷ்பமேரி.

சாம்பசிவன் சுருளை விரித்தார். அந்த இயந்திரம் எதையும் காகிதத்தில்தான் அடித்துக் காட்டும். காலையில் இருமுறை எடுத்த பெயர்ப்பட்டியல். ரிப்பன் உலர்ந்து, எழுத்தெல்லாம் மங்கல். 'மறையூர்' என்பதன் நடுவிலுள்ள 'ஒய்' மட்டும் இரண்டு பட்டியலிலும் கறுப்பாக இருந்தது.

"அதிகாரி முன்னே என்ன உத்தியோகம் பார்த்தார்?"

"இருபது வருஷம் டைப்பிஸ்ட்டுங்க."

"தப்பா அடிச்சா அந்த மிஷின்லே எப்படி அழிப்பேள்?"

"கட்டம் போட்ட குறி ஒண்ணு இருக்குதுங்க, அதைத் தட்டோணும். பின்னால போற சாவியைத் தட்டினா அச்சுத் தலைதான் நகரும். அதையும் ஒரு எழுத்துன்னே மிஷின் எடுத்துக்குமுங்க."

சாம்பசிவன் எழுந்து செருப்பை மாட்டினார்.

இரண்டரை மணிக்கு அலுவலகத்தில், வெங்கிடேஸ்வரன் முன்னால் சுருளை விரித்து வைத்தார். "யாரும் அழிக்கலை, திருடவும் இல்லை. எழுத்து மங்கலா விழுந்தா, பின்னுக்குப் போய் அது மேலேயே இன்னொரு தரம் அடிக்கிறது டைப்பிஸ்ட் கைப்பழக்கமாக்கும். நேத்து உங்க கை அதைப் பண்ணியிருக்கு. காகிதத்திலே பார்த்தா ஏழெழுத்து. மிஷினுக்கு ஒன்பது. பின்னால போனது ஒண்ணு, ரெண்டாவது 'ஒய்' ஒண்ணு. பட்டியல் எடுக்கறப்போவும் மிஷின் அதே மாதிரி 'ஒய்' மேலே 'ஒய்' அடிக்கிறது, அதான் அது மட்டும் கறுப்பு. இந்தப் பொண்ணு ஏழெழுத்து மட்டும் அடிச்சா அது எப்படித் திறக்கும்?"

வெங்கிடேஸ்வரன் தம் விரல்களைப் பார்த்துக்கொண்டார்.

"அப்படீன்னா நட்சத்திரக் குறி போதுமுங்க" என்று நாச்சம்மாள் விசைப்பலகை முன் உட்கார்ந்தாள். "அந்த எடத்துல எது இருந்தாலும் சரின்னு அர்த்தம்." முதல் நான்கு எழுத்தை அடித்து நட்சத்திரம் வைத்தாள். அறை திறந்தது. இயந்திரம் சடசடவென்று மறையூரின் ஆறு மாத மழையைக் கொட்டத் தொடங்கியது.

களவாண்டவர் என்று குறிப்பேட்டில் எழுதியிருந்த அதிகாரியின் பெயரைப் புஷ்பமேரி சத்தமில்லாமல் கோடு போட்டு அடித்தாள்.

வெங்கிடேஸ்வரன் தொண்டையைச் செருமினார். "தப்பை அழிக்கிறது எப்படீன்னு எனக்கும் ஒண்ணு காட்டித் தரணும்."

"அதுக்கென்னங்க சார்" என்றாள் நாச்சம்மாள். "மொதல்ல அந்த மெமோவுல பழகிக்கலாமுங்க."