தங்கையின் தட்டுகள்

தங்கை காய்ச்சலில் இறந்து ஒரு மாதம் கழித்து, அவள் பார்த்த வேலையிலேயே அக்கா சேர்ந்தாள்.

குப்பைக் கிடங்கின் பின்புறம் ஒரு பழைய கட்டடம். ஒரே அறை. ஜன்னல்களுக்குக் கறுப்புத் துணி. பட்டப்பகலிலும் ஒரு சிவப்பு பல்பு மட்டும்தான். சுவரோரம் அடுக்கடுக்காகத் தகரத் தட்டுகள். அவற்றில், தெர்மாகோலைத் தின்று பொடியாக்கும் புழுக்கள் ஆயிரக்கணக்கில் நெளிந்தன. ஈரத் தவிட்டின் வாடை தொண்டையில் ஒட்டியது.

"கஷ்டமில்லம்மா," என்றார் சூப்பர்வைசர். "தெர்மாகோல் போடணும், நடுவுல கேரட் துண்டு போடணும், வெளிச்சம் படாம பாத்துக்கணும். உன் தங்கச்சி கை வச்சா மடமடன்னு தின்னுடும். ராசியான பொண்ணு."

சின்ன வயதிலிருந்து கேட்டுக் காது புளித்த பேச்சு அது. தங்கை தைத்தால் அழகு, தங்கை சமைத்தால் ருசி. அக்காவுக்குப் பேசிய மாப்பிள்ளைகூடத் தங்கையைத்தான் கேட்டான். இப்போது புழுவுமா?

அவள் போட்ட தெர்மாகோல் போட்டபடியே கிடந்தது. மூன்று நாளாகியும் ஒரு துளை விழவில்லை. அவள் நெருங்கினால் புழுக்கள் தட்டின் மறுகோடிக்கு ஒதுங்கின.

"இந்த வாரம் பாக்கறேன்," என்றார் சூப்பர்வைசர். "அப்புறம் வேற ஆள்தான்."

நான்காம் நாள் மதியம் சாப்பிட்டுவிட்டுத் திரும்பியவள் கதவருகே நின்றாள்.

உள்ளே சத்தம்.

கூரையில் தூறல் விழுவதுபோல, மெல்லும் சத்தம்.

கதவைத் திறந்தாள். நின்றுவிட்டது.

மறுநாள் மதியம், போவதுபோல் கதவை இழுத்துச் சாத்திவிட்டு, உள்ளேயே தவிட்டு மூட்டைகளுக்குப் பின்னால் பதுங்கினாள். வெகுநேரம் ஒன்றுமில்லை. பிறகு மெல்லத் தொடங்கியது. எட்டிப் பார்த்தாள். எல்லாத் தட்டுகளிலும் புழுக்கள் தலை தூக்கியிருந்தன. எல்லாம் ஒரே பக்கமாக, தங்கை உட்கார்ந்து வேலை பார்த்த ஸ்டூலின் பக்கமாக.

ஸ்டூல் காலியாகத்தான் இருந்தது.

அதன் மேலே, வெறும் காற்றில், ஒரு கேரட் துண்டு மெதுவாக நகர்ந்து தட்டில் இறங்கியது.

பயந்து ஓடியிருக்க வேண்டியவள்தான். அவளுக்கோ வயிறு எரிந்தது.

"செத்தும் எனக்கு விட்டுத் தரமாட்டியாடி?"

காதோரம் ஒரு மூச்சு பட்டது.

"மெதுவாப் பேசுக்கா. அதுங்க பயப்படுதுங்க."

அந்தக் கனிவைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மூலையில் டீக்காக வைத்திருந்த வெந்நீர் கெட்டிலைப் போட்டாள். கொதிக்கக் கொதிக்க ஒவ்வொரு தட்டாக ஊற்றினாள். மறுபடி நிரப்பினாள், மறுபடி ஊற்றினாள். கடைசித் தட்டும் அடங்கிய பிறகு, கைகழுவிவிட்டு வீட்டுக்குப் போனாள். வேலை போனால் போகட்டும் என்றிருந்தது. அன்று நன்றாகத் தூங்கினாள்.

காலையில் சூப்பர்வைசர் வாசலிலேயே நின்றிருந்தார். திட்டு வாங்கத் தயாராகப் போனாள். அவர் முகமெல்லாம் சிரிப்பு.

"வராந்தாவுல இருந்த முப்பது மூட்டை தெர்மாகோலும் தீந்துபோச்சு. வெறும் பொடிதான் கிடக்கு. எப்படிம்மா? உன் தங்கச்சியால கூட இது முடிஞ்சதில்ல."

ஆயுள் முழுக்க அவள் காத்திருந்த வார்த்தை அது.

அவள் உள்ளே போனாள். தட்டுகள் அவள் விட்டுப்போனபடியே இருந்தன. ஆறிய நீரில் புழுக்கள் வெளிறி, ஊதி மிதந்தன. ஒன்றுகூட உயிரோடு இல்லை.

ஸ்டூலின் மேல் ஒரே ஒரு தெர்மாகோல் துண்டு மிச்சமிருந்தது. எடுத்துச் சிவப்பு வெளிச்சத்தில் பிடித்தாள்.

ஓரத்தில் பல் பதிந்த தடம். மனிதப் பல்.

மேல்வரிசையில் ஒன்று மட்டும் முன்னால் துருத்தியிருந்தது. தங்கைக்குத் தெத்துப்பல்.

கடித்த இடம் இன்னும் ஈரமாக இருந்தது.