கதிர்வீச்சு அறையில் ஒரு குரல்

மழை விட்டபாடில்லை. குடையை மடக்கக்கூட மறந்து மருத்துவமனையின் கீழ்த்தளத்துக்குள் ஓடியவள், நடை திரும்பும் இடத்தில் நின்ற ஒருவன்மீது மோதினாள். குடைத் தண்ணீர் மொத்தமும் அவன் கையிலிருந்த அளவுக் கருவியில்...

"பார்த்து வரக்கூடாதாங்க?"

"நீங்க பார்த்திருக்கலாமே."

"நான் நின்னுக்கிட்டுத்தாங்க இருந்தேன். உங்க குடைதான் ஓடி வந்துச்சு."

அவளுக்குச் சுருக்கென்றது. அவள் உளவியல் முதுகலை மாணவி. கதிர்வீச்சுச் சிகிச்சைக்கு வருபவர்களின் பயத்தை ஆராய வந்தவள். அவன் கதிரியக்க அறிவியல் படிப்பவன். இயந்திரம் சரியான அளவில் கதிரைப் பாய்ச்சுகிறதா என்று சோதிப்பது அவன் வேலை. 'மெஷினோட குடும்பம் நடத்துறவனுக்கு மனுஷங்களை எங்கே தெரியப்போகுது...' என்று நினைத்துக்கொண்டாள். ஆனாலும் அந்தக் கண்கள்... கோபத்திலும் சிரிக்கிற கண்கள்.

அன்றைக்கே அந்த நினைப்பு பொய்த்தது. தலையில் கட்டியோடு வந்திருந்த ஒரு டீச்சரம்மா, முகத்தை அசையாமல் பிடிக்கும் வலை முகமூடியைப் பார்த்ததும் எழுந்து உட்கார்ந்துவிட்டார். நர்ஸ் கெஞ்சியும் பலனில்லை. அவன் பக்கத்தில் போய்க் குனிந்தான்.

"எனக்கும் ஒண்ணு செஞ்சு போட்டுப் பார்த்தேம்மா. மூச்சு முட்டுற மாதிரி இருந்துச்சு... ஆனா முட்டல. நீங்க உள்ள இருக்கிற வரைக்கும் மைக்ல பேசிக்கிட்டே இருப்பேன். முடியலைன்னா கையைத் தூக்குங்க, நிறுத்திடுவாங்க."

கதவு மூடியது. பள்ளியில் கணக்கில் தான் வாங்கிய முட்டையைப் பற்றி அவன் மைக்கில் சொல்லிக்கொண்டே போனான். திரையில், இறுகியிருந்த டீச்சரம்மாவின் விரல்கள் மெல்ல மெல்லத் தளர்ந்தன... பார்த்துக்கொண்டிருந்தவளின் மனசும்தான்.

அதன்பிறகு கேண்டீனில் டீ. "மனசு மேடம், இன்னைக்கு யார் பயத்தை அளந்தீங்க?" என்று அவன் சீண்டுவான். அவள் முறைப்பாள். வீட்டிலோ அவன் பேச்சாகவே இருந்தாள். அம்மா விடுவாளா?

"கதிரு கிதிருன்னு புழங்குற பையன்... நாளைக்குக் குழந்தை குட்டின்னா என்னாகும்னு யோசிச்சியாடி?"

"தெரியாம உளறாதம்மா."

மறுநாள் அவனிடம் இதைச் சிரித்தபடி சொன்னாள். அவன் சிரிக்கவில்லை.

"பயந்து கேட்கிறவங்களை உளறுறாங்கன்னு சொல்லலாமா? அதைத்தானே நீங்க படிக்கிறீங்க?"

முகத்தில் அறைந்தது போலிருந்தது. சில நாள் அவனைக் கண்டாலே வேறு படிக்கட்டில் ஏறினாள். கோபம் ஆற ஆற, அவன் சொன்னதுதான் சரி என்று உறைத்தது. யார் யார் பயத்தையோ பொறுமையாகக் கேட்டவள், அம்மாவின் பயத்தை மட்டும் கேட்கவில்லையே...

"உன் சந்தேகத்தை அவர்கிட்டயே கேளேம்மா" என்று மருத்துவமனைக்குக் கூட்டி வந்தாள்.

அம்மா கேட்டாள், மகள் கூசிப்போகும் கேள்விகள் உட்பட. அவன் கனத்த கதவைக் காட்டினான். கதிர் பாயும்போது நோயாளியைத் தவிர யாரும் உள்ளே இருப்பதில்லை என்றான். சட்டையில் குத்தியிருந்த பட்டை உடம்பில் படும் கதிரைப் பதிவு செய்யும், அதைத் தவறாமல் சோதிப்பார்கள் என்றான். தெரியாத ஒன்றுக்கு, "கேட்டுச் சொல்றேம்மா" என்றான்.

"பூசி மெழுகாம பேசுறான்" என்று மகளின் காதில் முணுமுணுத்துவிட்டு, அம்மா லிஃப்டை நோக்கி நடந்தாள்.

அவன் தயங்கி நின்றான். "அம்மா எல்லாம் கேட்டுட்டாங்க... நீங்கதான் ஒண்ணும் கேட்கல."

"எனக்குக் கேட்க ஒண்ணுமில்ல. சொல்லத்தான் இருக்கு..." அவள் நிமிர்ந்து அவன் கண்களைப் பார்த்தாள். "உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு."

மைக்கில் அத்தனை பேசுகிறவன், சட்டையில் குத்தியிருந்த பட்டையைத் திருகினான்.

"எனக்கும்..." என்றான் கடைசியில். மூச்சு விட்டு, "ரொம்ப நாளா" என்று சேர்த்துக்கொண்டான்.