அதிரும் தட்டில் ஒரு நீலம்

போன் அலறியது.

திங்கட்கிழமை காலை. ஸ்பேனர் பல் தேய்த்துக்கொண்டே எடுத்தான். மறுமுனையில் கல் பட்டறை முதலாளி.

"உடனே வா. பாலிஷுக்கு மெஷின்ல போட்ட என் மோதிரக் கல்லைக் காணோம்... நீலக்கல்லு. இன்ஸ்பெக்டர் வந்துட்டாரு. என் மாமியாரும் பக்கத்துல நிக்கிறாங்க."

கடைசி வாக்கியத்தில்தான் முதலாளியின் குரல் நடுங்கியது.

ஸ்பேனர் என்பது ஊர் வைத்த பெயர். மெஷின் மக்கர் செய்தால் எல்லாப் பட்டறைக்காரர்களும் அவனைத்தான் கூப்பிடுவார்கள். சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கல் பட்டறையின் அதிர்வு மெஷினைப் பழுது பார்த்தவன் அவன்தான்.

கடைசியாகப் பூட்டிவிட்டு வந்தவனும் அவன்தான்!



அது ஒன்றும் பெரிய மாய மெஷின் இல்லை. ஸ்பிரிங்குகளின் மேல் ஒரு அகலமான தட்டு, அடியில் மோட்டார். தட்டில் தேய்க்கும் தூளைப் போட்டுத் தண்ணீர் ஊற்றி, கல்லைக் குப்புற வைத்து, ஸ்விட்சைத் தட்டிவிட்டுப் போய்விடலாம். தட்டு அதிர அதிர, கல் தானே ஊர்ந்து தேய்ந்து பளபளப்பாகிவிடும். சனிக்கிழமை வரை அது குளிரில் நடுங்குகிற கிழவன் மாதிரி நடுங்கிக்கொண்டிருந்தது. ஸ்பேனர் ஒடிந்த ஸ்பிரிங்கை மாற்றி, கழன்ற போல்ட்டை முடுக்கினான். அப்புறம் அது அதிர்ந்த அதிர்வில் ஜன்னல் கண்ணாடியே பேசியது.

பட்டறையில் இருந்த ஒரே நாற்காலியில் இன்ஸ்பெக்டர். பேச்செல்லாம் மாமியார்தான். பன்னிரண்டு வருடத்துக்கு முன் கல்யாணத்தில் மாப்பிள்ளை விரலில் தானே போட்ட கல்லாம். பரம்பரைக் கல்லாம். இந்நேரம் திருடன் அதை விற்றே இருப்பானாம், இனி தேடி எந்தப் பிரயோஜனமும் இல்லையாம்.

இன்ஸ்பெக்டர் ஸ்பேனரை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னொரு சாவி உன்கிட்டதானே இருந்துச்சு?"

"ஆமா சார்."

"அப்ப கல்லும் உன்கிட்டதான் இருக்கணும்."

ஸ்டேஷன் வாசலை ஒரு தடவை மிதித்தால் போதும்... அப்புறம் எந்தப் பட்டறைக்காரன் அவனை நம்பிச் சாவியைக் கொடுப்பான்? அவன் பிழைப்பே அந்த நம்பிக்கையில்தான் ஓடிக்கொண்டிருந்தது.

"அஞ்சு நிமிஷம் சார். தட்டை மட்டும் பார்த்துக்கறேன்."

"தட்டுல என்ன இருக்கு? வண்டியில ஏத்துங்க சார்" என்றார் மாமியார்.

இன்ஸ்பெக்டர் என்ன நினைத்தாரோ, 'பாரு' என்று தலையசைத்தார்.

ஸ்பேனர் மூடியைத் திறந்தான். சாம்பல் நிறத்தில் சேறு. அதில் இரண்டு இரும்பு வில்லைகள் கிடந்தன. சின்னக் கல்லுக்குக் கனம் போதாது என்பதால், முதுகில் ஒரு வில்லையை ஒட்டித் தட்டில் விடுவது வழக்கம். ஒரு வில்லையின் அடியில் பட்டறையின் சொந்த நீலக்கல் பத்திரமாக ஒட்டியிருந்தது. இன்னொன்றின் அடியில் கல்லும் இல்லை, பசையும் இல்லை. இரும்பே தேய்ந்து மின்னியது.

சேற்றைத் தொட்டு விரலால் நிரடினான். நறநறவென்றது.

"மொதலாளி, மெஷினைச் சோதிச்சுப் பார்க்க நான் முரட்டுத் தூள் போட்டிருந்தேன். தட்டைக் கழுவிட்டு மெருகுத் தூள் போடுங்கன்னு சொன்னேன். கழுவினீங்களா?"

முதலாளி திருதிருவென்று முழித்தார். கழுவவில்லை. இந்தத் தொழிலில் நேற்று சேர்ந்தவன்கூடச் செய்யாத தப்பு. ஆனால் சனிக்கிழமை அந்நேரம் பஸ் ஸ்டாண்டில் மாமியார் வந்து இறங்கி எட்டு நிமிடம் ஆகியிருந்தது... ஸ்பேனர் கை கழுவிவிட்டு வருவதற்குள் மெருகுத் தூளை அப்படியே மேலே கொட்டி, கல்லை வைத்து, மூடியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறார் மனிதர்.

"கல்லு எங்கயும் போகல சார். இந்தச் சேத்துலதான் இருக்கு. ரெண்டு ராத்திரி ஓடியிருக்கு... தேஞ்சு மாவாயிடுச்சு."

"நீலக்கல்லு அவ்வளவு சீக்கிரம் தேயுமா?"

"தேயாது சார். இந்தா பாருங்க, பட்டறைக் கல்லு. அதே தட்டு, அதே தூளு. லேசா மங்கினதோட சரி." ஸ்பேனர் வெறும் வில்லையைத் தூக்கிக் காட்டினான். "காணாம போனது கண்ணாடி."



இன்ஸ்பெக்டர் முதலாளி பக்கம் திரும்பினார். "அசலை எங்கய்யா வித்தே?"

முதலாளி அழாத குறை. மாமியார் போட்ட மோதிரத்தின் கல்லைத்தான் பெயர்த்து வில்லையில் ஒட்டியதாகச் சத்தியம் செய்தார்.

"நீ கல்லு வெட்டுற ஆளு. பன்னெண்டு வருஷமா கண்ணாடியை மாட்டிக்கிட்டு அலைஞ்சிருக்கே. ஒரு தடவையாவது சோதிச்சுப் பார்க்கலியா?"

"மாமியார் போட்ட கல்லை சோதிச்சுப் பார்க்க எனக்கென்ன ரெண்டு உசுரா சார் இருக்கு?"

எல்லாத் தலைகளும் ஒரே நேரத்தில் மாமியார் பக்கம் திரும்பின.

மாமியார் முந்தானையை இழுத்துச் செருகினார். இது குடும்ப விஷயம், குடும்பத்துக்குள்ளேயே பேசிக்கொள்கிறோம், புகாரை வாபஸ் வாங்கிக்கொள்கிறோம் என்றார். இன்ஸ்பெக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுந்து புகார்க் காகிதத்தைக் கிழித்தார். ஸ்பேனருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. முதலாளி, கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக, மாமியார் நிற்கும்போதே நாற்காலியில் உட்கார்ந்தார்.

வாசலைத் தாண்டப்போன மாமியார் ஸ்பேனருக்குப் பக்கத்தில் நின்றார். பல்லைக் கடித்துக்கொண்டு மெதுவாகக் கேட்டார்:

"ஏம்ப்பா... ஒரு மெஷினை இவ்வளவு நல்லாவா ரிப்பேர் பண்ணுவாங்க?"