இடது காற் சதங்கை

யானைப் பயத்தால் அந்த ஊரில் கூத்துப் பழக்கம் வெயில் தாழ்ந்ததும் தொடங்கி, இருட்டுமுன் முடிந்துவிடும். சோதிமலர் துணிப்பையோடு கூத்தாடும் களரிக்கு வந்தபோது மத்தளத்தின் வாரை இறுக்கிக்கொண்டிருந்தார்கள்.

பையில் அவள் புருஷன் பேரின்பத்தின் சதங்கைகள் இருந்தன.

வருஷங்களுக்கு முன், இராணுவம் ஊரைச் சுற்றிவளைத்த நாளன்று, குளித்துவிட்டுச் சந்தனச் சவுக்காரம் மணக்க மணக்க வாசலுக்குப் போனவனை வாகனத்தில் ஏற்றினார்கள். அவ்வளவுதான். அவன் படத்தோடு அவள் ஏறாத அலுவலகம் இல்லை. இருக்கிறான் என்றோ இல்லை என்றோ ஒருவரும் சொல்லவில்லை. உயிரோடிருப்பவனின் வேஷத்தை மற்றவன் கட்டுவதில்லை என்பது அந்த ஊர் வழக்கம். அவன் ஆடிய அரசன் வேஷத்தை யாருக்கும் கொடுக்க அவள் விடவில்லை. வேஷம் காலியாக இருக்கும்வரை அவன் இருக்கிறான்.

கூத்துப் பாட்டெழுதிய கொப்பி இடம்பெயர்வில் எரிந்துபோனது. காட்டுக்குப் போன அரசன் பாடும் தருக்கள் பேரின்பத்தின் நெஞ்சில் மட்டும்தான் இருந்தன. அந்தப் பாட்டுகளும் அவனோடு வாகனம் ஏறின.

கூத்தைப் பழக்கும் அண்ணாவியார் பேரின்பத்தின் அண்ணன் வேலாப்போடிதான். இந்த வருஷம் அவர் அவள் வாசலில் வந்து குந்திவிட்டார்.

"பாட்டுத்தான் போயிற்று. ஆட்டமாவது மிஞ்சட்டும், மச்சி."

மறுத்து மறுத்து அவளுக்கே சலித்துவிட்டது. வேஷம் ஆட்டோ ஓட்டும் கிருபாகரனுக்குப் போனது.

"இவனப் பாடச் சொல்லிராதீங்க அண்ணாவி," என்றான் களரியில் சல்லரித் தாளம் தட்டும் தங்கராசா. "வாயத் துறந்தானெண்டா யானையெல்லாம் ஊர விட்டே போயிரும்."

"அப்ப உனக்கு மின்சார வேலி தேவல்ல. நான் வேணுமெண்டா உன்ட வயலில வந்து நிக்கிறன்," என்றான் கிருபா, சோதிமலர் கொடுத்த சதங்கையைக் கட்டிக்கொண்டே.

சோதிமலரும் சிரித்தாள்.

வேலாப்போடியின் மத்தளம் எழுந்தது. கிருபா தடுமாறித் தடுமாறி ஆடினான். தொலைந்த தருக்களின் இடம் வந்தது. இனி மத்தளம் மட்டும் பேசும்; ஆடுகிறவன் சும்மா சுற்றி வரவேண்டும்.

கிருபா நின்றான்.

தொண்டையை இரண்டு தரம் செருமினான்.

சோதிமலரின் விரல்கள் வெறும் பையை இறுக்கின. பாடுமுன் அப்படிச் செருமுகிறவன் ஒருவன்தான்.

பிறகு அவன் பாடினான். ஆட்டோக்காரனின் கரகரத்த குரலாக அது இல்லை. ஊர் மறந்துபோன சொற்கள் ஒன்றின் கையை ஒன்று பிடித்துக்கொண்டு வந்தன. இடது கால் இழுபட்டது. பேரின்பத்துக்கு முள் தைத்துச் சீழ் பிடித்த கால் அது.

"அந்தத் தருடா இது," என்றான் தங்கராசா. "போன எடுங்கடா, பதிங்கடா."

களரியைச் சுற்றிலும் போன் பிடித்த கைகள் உயர்ந்தன. சிலர் அழுதார்கள். சிலர் கூடவே பாடிப் பார்த்தார்கள்.

காற்றே இல்லை. ஆனாலும் மணம் வந்தது.

சந்தனச் சவுக்காரம்.

அதற்கும் அடியில், புதிதாய்த் தோண்டிய ஈரமண்.

எந்த அலுவலகமும் சொல்லாத பதில் அவளுக்குக் கிடைத்துவிட்டது.

"நிப்பாட்டுங்க மச்சான்," என்று வேலாப்போடியின் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

அவர் கை மத்தளத்தை விடவில்லை. முகமெல்லாம் கண்ணீர்.

"தெரியும் கா. அவன் எண்டு எனக்கும் தெரியும்," என்றார் மெல்ல. "இன்னும் நாலு தரு இரிக்கி. மறுகா அவன் வராட்டி நான் என்ன செய்யிற?"

ஆட்டம் சுற்றிக் கிறுகி அவள் பக்கம் வந்தது. கிருபாவின் உதடுகள் பாடிக்கொண்டே இருந்தன. அந்தப் பாட்டுக்கு அடியில், அவளுக்கு மட்டும் கேட்க, இன்னொரு மூச்சு.

"சோதி. காலு நோகுது புள்ள. கழட்டி விடு."

அவள் களரிக்குள் விழுந்து அந்த இடது காலைப் பிடித்தாள். சற்றுமுன் கிருபா கட்டிய சுருக்கு முடிச்சு, பல வருஷம் மண்ணுக்குள் கிடந்ததுபோல ஊறி இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. முடிச்சு நெகிழவில்லை. பெண்கள் நாலுபேர் அவளை இழுத்துக்கொண்டு போனார்கள்.

"பாவம், அவர்ர நினைப்பு வந்திற்று."

நாலு தருவும் முடிந்தபின்தான் கிருபா சரிந்தான். எழுந்து உட்கார்ந்து, வாயிலிருந்து மண்ணைத் துப்பினான்.

"என்ன அண்ணாவி, இன்னும் தொடங்கல்லயா?"

இப்போது முடிச்சு தானாக அவிழ்ந்தது. சோதிமலர் சதங்கைகளை வீட்டுக்குக் கொண்டுபோய் இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினாள்.

அந்தத் தருக்கள் இன்று ஊருக்கெல்லாம் பாடம். பள்ளிக்கூடத்தில் பாடுகிறார்கள், வயலில் பாடுகிறார்கள், கடைச் சந்தியில் போனில் போட்டுக் கேட்கிறார்கள். இனி இது அழியாது என்று வேலாப்போடி எல்லோரிடமும் சொல்லி மகிழ்கிறார்.

அது உண்மைதான்.

நேற்றுக் காலை அடுத்த வீட்டுப் பெண்பிள்ளை கிணற்றடியில் சட்டி கழுவிக்கொண்டே அந்தத் தருவை முணுமுணுத்தாள். சோதிமலர் ஓடிப்போய்ப் பெட்டியின்மேல் கவிழ்ந்து, இரண்டு கையாலும் அதைக் கட்டிக்கொண்டாள்.

உள்ளே சதங்கை ஒலித்தது. வலது கால் எழுந்து விழுந்தது.

இடது கால், இழுபட்டுக்கொண்டு, பின்னால் வந்தது.