ஐந்து மில்லி

காலை 10.20. மூன்றாம் கட்டிலில் இருந்த பள்ளி ஆசிரியை மூச்சுத் திணறி நினைவிழந்தார். மணிக்கு ஐந்து மில்லி ஏற வேண்டிய மருந்து ஐம்பது ஏறியிருந்தது. மருந்தை ஏற்றும் பம்பின் திரையில் மட்டும் ஐந்து என்றே இருந்தது.

"எங்க பம்புல கோளாறு இல்ல. நர்ஸ் கையால திறந்து விட்டிருப்பாங்க" என்றது அதைத் தயாரித்த நிறுவனம். நர்ஸை வார்டிலிருந்து வெளியே அனுப்பினார்கள்.

அவளுடைய அக்கா அந்த நிறுவனத்தில்தான் புரோகிராமர்.

11.30. விசாரிக்க வந்த போலீஸ் இன்ஸ்பெக்டர் அம்மாள் நிறுவனத்துக்குள் நுழைந்ததுமே, யாரும் கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது என்றுவிட்டார்.

"மருந்தளவைக் கணக்குப் போடறது எது?"

தலைமைப் பொறியாளர் திரையைக் காட்டினார். "பொது ஃபோல்டர்ல இருக்கற 'அளவு'ங்கற ஃபைல். மூணு வருஷமா யாரும் கை வைக்கல. ரெண்டையும் காலைலயே பாத்துட்டேன். சுத்தமா இருக்கு."

"என் தங்கச்சி அப்படிச் செய்யறவ இல்ல சார்" என்றாள் அக்கா.

"கூடப் பிறந்தவளாச்சே, அப்படித்தாம்மா தோணும்."

அக்காவுக்கு முகம் சிவந்தது. இன்ஸ்பெக்டரிடம் அனுமதி கேட்டு, புரோகிராம் முழுவதையும் நகல் எடுத்தாள். நகலில் அந்த 'அளவு' ஃபைலைத் திறந்து வாய்க்கு வந்த எழுத்துகளைத் தட்டினாள். எழுதியதைப் பம்புக்குப் புரியும்படி மாற்றும் கம்பைலை ஓட்டினாள்.

ஒரு பிழைகூட வரவில்லை.

"என்னம்மா இது?"

"இந்த ஃபைலை அது படிக்கவே இல்ல மேடம். படிச்சிருந்தா என் உளறலைப் பாத்து அங்கேயே நின்னிருக்கும்."

"பின்னே எதைப் படிக்குது?"

"பம்பு புரோகிராம்ல 'அளவு' வேணும்னு பேரை மட்டும் எழுதியிருக்கோம். எங்கே இருக்குன்னு முழு வழியை எழுதல. அப்படி எழுதினா இந்தக் கம்ப்யூட்டர் மொழி முதல்ல அந்தப் புரோகிராம் இருக்கற ஃபோல்டர்லயே தேடும். அதே பேர்ல அங்க ஒண்ணு கிடைச்சா, பொது ஃபோல்டர் பக்கம் எட்டியே பாக்காது."

பம்பின் ஃபோல்டரைத் திறந்தாள். அங்கே இன்னொரு 'அளவு' இருந்தது. அதன் கடைசி வரி, திரையில் காட்டும் எண்ணைத் தொடாமல், ஏற்றும் அளவை மட்டும் பத்தால் பெருக்கியது. எழுதியவர் பெயர் இல்லை.

"யார் வச்சது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அக்கா தலைமைப் பொறியாளரைப் பார்த்தாள். "ரெண்டையும் பாத்துட்டேன்னீங்களே சார். ரெண்டாவதா ஒண்ணு இருக்கறது எங்க யாருக்குமே இப்பத்தானே தெரியும்?"

அவர் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். "சோதனை சீக்கிரம் முடியணும்னு நான்தான் வச்சேன். எடுக்க மறந்து, இன்னிக்குக் காலைல அந்தப் புரோகிராமை அதோடயே பம்புல ஏத்திட்டோம். சொல்லணும்னுதான் இருந்தேன்..."

"வேற எத்தனை பம்புல ஏத்தினீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"மூணு. அதே வார்டுல பன்னிரண்டு மணிக்கு மாட்டுவாங்க."

சுவர்க் கடிகாரத்தில் 11.54. அக்கா அதற்குள் தங்கைக்குப் போன் போட்டிருந்தாள்.

"அழாதடி. வார்டுக்கு ஓடு. நம்ம பம்பு எதையும் மாட்ட விடாத."

"என்னை உள்ள விட மாட்டாங்கக்கா."

இன்ஸ்பெக்டர் போனை வாங்கினார். "பக்கத்துல பெரிய டாக்டர் இருந்தா குடும்மா."

11.58. வார்டில் பெரிய டாக்டர் சொன்னதும் முதல் இரண்டு பம்புகளையும் ஓடவிடாமல் கழற்றினார்கள்; மூன்றாவது பம்பின் குழாயைக் கையில் பிடித்திருந்த நர்ஸ் அதைக் கீழே வைத்தார்.

மாலையில் ஆசிரியை கண் திறந்தபோது, அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்துக்கொண்டிருந்தாள் அந்தத் தங்கை.